ஆப்பு வெச்ச குரல்

என்ர தொழில் இங்கிலீசுல ராக் பாட்டு எழுதிப் பாடறது. சிரிக்காதீங்க. நாமக்கல்லுக்குப் பக்கத்துல ஒரு லாரிக்கார ஊட்டுல பொறந்தவனுக்கு இதென்ன பொழப்புன்னு கேக்காத ஆளே இல்லை. எங்கப்பா சாகற வரைக்கும் கேட்டாரு. "லாரி ஹாரனுக்காச்சும் ஒரு அர்த்தம் இருக்குதுடா, முன்னால போறவன் ஒதுங்குவான். நீ போடற சத்தத்துக்கு யாருடா ஒதுங்கறா?"ம்பாரு. ஊரே ஒதுங்குதுங்கப்பான்னு சொல்லி ஒரு தடவை அறை வாங்கியிருக்கறேன்.

ஏற்காட்டுல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன். அங்க ஒரு அண்ணன் வெச்சிருந்த கேசட்டுல, எந்த நாட்டுக்காரனோ, தொண்டையக் கிழிச்சுக்கிட்டுக் கத்தினான். அர்த்தம் ஒரு எழவும் புரியல. ஆனா கோவம் புரிஞ்சுது. அந்த வயசுல எனக்கும் யாரைப் பார்த்தாலும் கோவம். சரி, இது நமக்கு ஒத்து வரும்னு புடிச்சுக்கிட்டேன். பெங்களூருக்குக் காலேஜ் போனேன், அங்கயே நாலு பேர் சேர்ந்து ஒரு குரூப் ஆரம்பிச்சோம். பகல்ல லாரி புக்கிங் ஆபீஸ் வேலை, சாயங்காலம் கிடார். ஓட்டல்ல பாடினோம், காலேஜ் விழாவுல பாடினோம், மழை பேஞ்சு ஜனம் கலைஞ்ச மைதானத்துல மைக் செட்டுக்காரனுக்கு மட்டும் பாடினோம். மத்த குரூப்பெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டை அப்படியே திருப்பிப் பாடுவாங்க. நான் என்ர பாட்டைத்தான் பாடுவேன். அதுல மட்டும் எனக்குத் திமிருதானுங்க.

நான் எழுதினதுல நாலு பேருக்குத் தெரிஞ்ச பாட்டுன்னா அது 'எண்ணூறடி'தான். எண்ணூறடி தோண்டினேன், புழுதிதான் வந்துச்சுன்னு இங்கிலீசுல வரும். பெங்களூர்ப் பசங்க அதைக் காதல் பாட்டுன்னு நெனைச்சுக் கண்ணை மூடிக்கிட்டு ஆடினாங்க. காதலாவது கத்திரிக்காயாவது! எங்க சித்தப்பா தோட்டத்துல தண்ணிக்குப் போர்க்கிணறு போட்ட கதை அது. பல வருசம் கழிச்சுத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜுல பாடினப்பத்தான் கூட்டம் முதல் வரிலயே எந்திரிச்சுது. அத்தனை பசங்க ஊட்டுலயும் போர் போடற ரிக் வண்டி. புழுதி வர்ற எடத்துல மேடை அதிர்ற மாதிரி கத்தினானுக. அன்னிக்கு நான் மேடையிலயே அழுதுட்டேன், வேர்வைன்னு சொல்லித் தொடைச்சுக்கிட்டேன்.

என்ர குரல் அழகான குரல் கெடையாது. பாரத்தோட மேடு ஏறற லாரி முதல் கியர்ல உறுமற மாதிரி இருக்கும். சினிமாவுல கோரஸ் பாடக்கூடக் கூப்பிடல. ஆனா இருட்டுல ஒரு வார்த்தை பேசினாலும் நான்தான்னு ஊருக்கே தெரியும். பெரிய ஆல்பம் இல்லை, டிவில வந்ததில்லை, அறுபதைத் தாண்டின பொறவும் வருசத்துக்கு நாலஞ்சு மேடை. கையில இருந்த ஒரே சொத்து அந்த உறுமல்தான்.

அதுதான் போச்சு.

ஒரு காய்ச்சல் வந்துச்சு. வந்த காய்ச்சல் போச்சு, போகறப்பக் குரலையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. காலைல எந்திரிச்சுக் காப்பி கேக்கறேன், வெறும் காத்து வருது. சளின்னாங்க, கசாயம்னாங்க, பேசாம இருங்கன்னாங்க. கடைசில டவுனுல ஃபேர்லேண்ட்ஸ்ங்கற ஏரியாவுல ஒரு தொண்டை டாக்டர், சென்னைக்காரர், சின்ன வயசு, மூக்கு வழியா குழாய் விட்டுப் பார்த்துட்டு டிவில காட்டினாரு. உள்ள ரெண்டு குரல் நாண் இருக்குது, ரெட்டைக் கதவு மாதிரி. பேசறப்ப ரெண்டும் சேரணும். எனக்கு ஒரு கதவு ஆடாம அசையாம நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் போற நரம்பு காய்ச்சல்ல அடிபட்டுப் போச்சாம். "தானா வரலாம், வராமலும் போகலாம். கொஞ்ச மாசம் பொறுத்துப் பார்ப்போம் சார்"னாரு.

பொறுத்தேன். நான் பொறுத்தேன்னு சொன்னா என்ர கூட்டாளிக யாரும் நம்பமாட்டாங்க. கோவக்காரனுக்குக் குரல் இல்லாம போனா அதைவிட ஒரு கெரகம் ஒலகத்துல இல்லைங்க. கேஸ் புக் பண்ணப் போன் பண்ணினா "சொல்லுங்க மேடம்"ங்கறான். வாழப்பாடி போற பஸ்ஸுல டிக்கெட் கேட்டா கண்டக்டருக்குக் காதுல உழுகல, போர்டுல எழுதியிருந்த ஊர்ப் பேரைக் கையால காட்டினேன். தண்ணி குடிச்சாக்கூட ஒவ்வொரு வாயும் பொறை ஏறுது, கதவு சாத்தாத ஊட்டுல மழைத்தண்ணி போற மாதிரி உள்ள போயிருது. கத்தணும்னு நெஞ்சு முட்ட கோவம் வரும். வாயத் தொறந்தா காத்து. ஊமை கண்ட கனவும்பாங்களே, அதை நான் முழிச்சுக்கிட்டே கண்டேன்.

மாசங்க போச்சு. கதவு அசையவே இல்லை. டாக்டர் அப்பத்தான் ஆபரேசன் பத்திச் சொன்னாரு. கழுத்துல கீறி, குரல்வளைக் குருத்தெலும்புல சின்ன ஜன்னல் வெட்டி, சிலிக்கான்ல ஒரு துண்டைச் செதுக்கி உள்ள சொருகி, அந்த நாணை நடுவுக்குத் தள்ளி விடறதாம்.

"ஆப்பு மாதிரிங்களா?"ன்னு காத்துல கேட்டேன்.

"ஆப்பேதான் சார்."

"நாப்பது வருசமா எல்லாரும் எனக்கு வெச்சது அதுதானுங்க. வெய்யுங்க"ன்னேன். அவரு சிரிச்சாரு. அப்பறம் சிரிக்காம ஒண்ணு சொன்னாரு. மயக்கம் குடுக்கமாட்டாராம். கழுத்தை மட்டும் மரத்துப்போகப் பண்ணிட்டு, நான் முழிச்சுக்கிட்டு இருக்கறப்பவே ஆப்பை வெச்சு வெச்சுப் பேசச் சொல்லிப் பார்ப்பாராம். கம்பியை முறுக்கி சுருதி சேர்க்கற கதைதான். கொஞ்சம் உள்ள தள்ளினா ஒரு குரல், கொஞ்சம் இழுத்தா இன்னொரு குரல். "எது உங்க குரல்னு நீங்கதான் சொல்லணும். ஆனா ரொம்ப நேரம் எடுக்க முடியாது. உள்ள வீக்கம் வந்துடும். வீக்கம் வந்த பிறகு கேக்கறது பொய்க்குரல். தச்சு மூடிட்டா திரும்பத் திறக்கறது சாதாரண வேலை இல்லை" அப்படின்னாரு.

ஆபரேசன் அன்னிக்கு என்ர ஊட்டுக்காரி கூட வந்தா. அவளுக்கு என்ர பாட்டு ஒண்ணுகூடப் புடிக்காது, அதை மறைச்சதும் கெடையாது. "தண்ணி குடிச்சாப் பொறை ஏறாம இருந்தாப் போதுமுங்க, சாமி" அப்படின்னு கதவு வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தா. எனக்கு அது போதாது. உள்ள போறப்ப என்ர மனசுல தண்ணியும் இல்லை, சோறும் இல்லை. அந்த உறுமல் திரும்ப வருதா இல்லையா, அது ஒண்ணுதான்.

மேசையில படுக்க வெச்சு மூஞ்சியில பச்சைத் துணியப் போட்டு மூடினாங்க. மூக்குல கேமராக் குழாய். கழுத்துல வலி இல்லை, ஆனா யாரோ உள்ள கையை விட்டு எதையோ தேடற மாதிரி இழுவை. மரத்தை ராவற மாதிரி எலும்பு ராவற சத்தம் என்ர காதுக்குள்ளயே கேக்குது. அப்ப எனக்கு வந்த பயம் எந்த மேடையிலயும் வந்ததில்லை. நர்ஸ் பொண்ணு ஒண்ணு, எடப்பாடிப் பக்கம், கையைப் புடிச்சுக்கிட்டு "பயப்படாதீங்க சாமி"ன்னுச்சு.

முதல் ஆப்பை வெச்சாரு. "ஈ சொல்லுங்க." சொன்னேன். காத்துத்தான். எடுத்துட்டாரு. செதுக்கற சத்தம். திரும்ப வெச்சாரு.

"ஈ சொல்லுங்க."

"ஈஈஈ."

அட சாமி! குரல் வந்துருச்சு. ஆனா அது என்னோடது இல்லைங்க. வழவழன்னு, எண்ணெய் தேய்ச்ச மாதிரி, சாயங்காலச் செய்தி வாசிக்கற ஆளோட குரல். ஒண்ணு ரெண்டு மூணு எண்ணச் சொன்னாரு. எண்ணினேன். ரூமுல இருந்தவங்க எல்லாரும் "சூப்பர் சார், சூப்பர்"ங்கறாங்க. யாரோ கை தட்டினாங்க. என்ர வாயிலிருந்து யாரோ ஒருத்தன் பேசறான், எல்லாரும் அவனைப் பாராட்டறாங்க.

"என்ன சார், சரியா?"ன்னு டாக்டர் கேட்டாரு.

"சரிங்க"ன்னேன்.

இந்த ஒரு வார்த்தை இருக்குது பாருங்க, எங்க பக்கத்து ஆளுகளுக்குப் புடிச்ச கெரகம் இது. நாங்க சரிங்கன்னா சம்மதம்னு அர்த்தம் இல்லை. நீங்க சொன்னது காதுல உழுந்துச்சு, மரியாதைக்குத் தலையாட்டறேன், அவ்வளவுதான். பொண்ணு பாக்கப் போனப்ப மாமனார் "பாட்டெல்லாம் இனி விட்டுருவீங்கல்ல மாப்ள?"ன்னாரு, சரிங்கன்னேன். அவரும் எங்க பக்கத்து ஆள்தான், அதனால புரிஞ்சுக்கிட்டுப் பெருமூச்சு விட்டாரு. சென்னையில கேசட் போட்டவரு அப்படி இல்லை. "டிரம்ஸைக் கம்மி பண்ணி வயலின் வெச்சுக்கலாமா?"ன்னாரு, சரிங்கன்னேன். நாப்பது வயலினோட வந்துச்சு என்ர கேசட். கோவத்துக்கு மேல பன்னீர் தெளிச்சு வெச்சிருந்தாங்க. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

டாக்டர் சென்னைக்காரர். அவருக்கு சரிங்கன்னா சரி.

"ஓகே, க்ளோஸ் பண்ணலாம். நூல் குடுங்க"ன்னாரு.

துணிக்கடியில கண்ணை அகலத் தொறந்துட்டேன், பச்சையத் தவிர ஒண்ணும் தெரியல. "இல்லைங்க"ன்னேன். அந்த வழவழக் குரல்ல அது "நல்லா இருக்குதுங்க"ங்கற மாதிரியே வந்துச்சு. யாரும் கண்டுக்கல. கத்திரி வெக்கற சத்தம் கேக்குது. இன்னொரு தடவை "ஏனுங்க, இது வேண்டாமுங்க"ன்னேன். "முடிஞ்சுடுச்சு சார், ரெண்டே நிமிஷம்"ங்கறாரு. அட, மரியாதையிலயே சாகப் போறேனேன்னு இருந்துச்சு. இந்த ஆள் குரல்லயே இனி நான் சண்டை போடணும், இவன் குரல்லயே புழுதி வரணும், இவன் குரல்லயே ஒரு நாள் பேரன் பேத்தியக் கூப்பிடணும்.

அப்பறம் யோசிக்கல. 'எண்ணூறடி' ஆரம்பத்துல வார்த்தை வர்றதுக்கு முன்னால ஒரு கத்தல் இருக்கும். அதைக் கத்தினேன்.

ஏதோ தட்டு கீழ உழுந்து உருண்டுச்சு. நர்ஸ் "ஐயோ சாமி"ன்னுச்சு. டாக்டர் என்ர தோளை அழுத்திப் புடிச்சுக்கிட்டு, "என்ன சார் பண்றீங்க! கழுத்து திறந்து இருக்கு! ரத்தம் வருது!"ன்னு அவரும் கத்தினாரு.

"இது என்ர குரல் இல்லைங்க."

"நீங்கதானே சரின்னு சொன்னீங்க?"

"அது சும்மா சொன்ன சரிங்கங்க."

அப்பறம் எடப்பாடிப் பொண்ணுதான் மெதுவாச் சொல்லுச்சு. "சார், எங்க பக்கம் பெரியவங்க சரிங்கன்னா 'ம்' கொட்டற மாதிரிங்க சார். ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்கக் கூடாதுங்க." டாக்டர் அவரா ஏதோ முனகிக்கிட்டாரு. என்னைத் திட்டியிருப்பாரு. திட்டட்டும்.

பஞ்சை வெச்சு ரத்தத்தை ஒத்தி எடுத்துட்டு எங்கிட்ட நிதானமாப் பேசினாரு. "சார், இது நல்ல குரல். கேமராவுல ரெண்டு நாணும் அழகாச் சேருது. உங்க காதுக்கு உங்க குரல் உள்ளிருந்து கேக்குது, அது ஏமாத்தும். பாதி வீக்கம் இப்பவே வந்தாச்சு. நான் எதை நம்பித் தச்சதைப் பிரிக்கறது?"

அவரு கேட்டதுல நியாயம் இருந்துச்சு. நெசமாவே காது ஏமாத்துதோ? வருசம் பூரா காத்தையே கேட்டுட்டுப் பழைய குரலையே மறந்துட்டனோ? அந்த நிமிசம் எனக்கே என்னைத் தெரியலங்க. மேசையில படுத்திருந்த நேரத்துல அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு.

"இவரு ஊட்டுக்காரம்மா வெளிய உக்காந்திருக்காங்க சார்"ன்னுச்சு அந்தப் பொண்ணு. "போன் போட்டுப் பேசச் சொன்னா அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

டாக்டர் என்ன நெனைச்சாரோ, "சீக்கிரம் போடு"ன்னாரு. யாரோ ஒரு போனைக் கொண்டாந்து அவளுக்கு அடிச்சு, ஸ்பீக்கர்ல போட்டு என்ர காதுக்கிட்டப் புடிச்சாங்க. மணி அடிச்சுது. எடுத்தா.

"அம்மிணி, நான்தான் பேசறேன்"ன்னேன்.

"சொல்லுங்க டாக்டர்"ன்னா அவ. "அவரு எப்படி இருக்காருங்க? உள்ள ரொம்ப ஓரியாட்டம் பண்றாருங்களா? கொஞ்சம் பொறுத்துக்குங்க டாக்டர், கோவக்காரரு, மனசுல ஒண்ணும் வெச்சுக்கமாட்டாரு."

கட்டின பொண்டாட்டி என்னைப் பத்தி எங்கிட்டயே சிபாரிசு பண்ணிக்கிட்டு இருக்கறா. டாக்டரே போன் பக்கம் குனிஞ்சு, அப்பறம் கூப்பிடறோம்மான்னு சொல்லி வெக்கச் சொன்னாரு. ரூமுல யாரும் சூப்பர்னு சொல்லல.

"பிரிக்கறேன்"ன்னாரு. "இதுதான் கடைசி. இன்னும் தடியா வெக்கறேன். மூச்சு இழுத்துச்சுன்னா உடனே பழைய அளவுக்கே போயிடுவேன், அப்ப நீங்க எதுவும் சொல்லக்கூடாது. இந்தத் தடவை நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க, சம்மதமா?"

"சம்மதம்"ன்னேன், ங்க போடாம.

ஆப்பை உருவினாரு. உள்ள ஏதோ சரிஞ்ச மாதிரி, திரும்பவும் காத்து. செதுக்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வீக்கம் ஏறிக்கிட்டு இருக்குதேங்கற நெனப்புல எனக்கு ஒவ்வொரு செதுக்கலும் நெஞ்சுல இறங்குது. சீக்கிரம் செய்யுங்கன்னு சொல்லவும் பயம், அவசரத்துல கோணலா வெட்டிட்டா? குலதெய்வத்தைக் கூப்பிடலாம்னா, இத்தனை வருசம் கோயில் பக்கம் போகாதவன் எந்த மூஞ்சியோட கூப்பிடறது. பேசாம பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

உள்ள தள்ளினாரு. அழுத்தம். மூச்சை இழுத்துப் பார்க்கச் சொன்னாரு. இழுத்தேன். கொஞ்சம் கீச்சுன்னு சத்தம் வந்துச்சு. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னாரு. இந்தத் தடவை சத்தம் இல்லாம போச்சு.

"ஈ சொல்லுங்க."

சொன்னேன். கரகரன்னு, மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி ஒண்ணு வந்துச்சு. டாக்டருக்குப் புடிக்கல. "இது ரொம்ப முரடா இருக்கே சார். வீக்கமா இருக்கலாம். எனக்கு இது திருப்தி இல்லை"ங்கறாரு. எனக்கோ இருக்குது, இல்லைன்னு ரெண்டு பக்கமும் மனசு ஆடுது. அவரே அந்தப் பொண்ணுக்கிட்ட, "அம்மாவுக்குப் போடு"ன்னாரு.

முதல் மணியிலயே எடுத்துட்டா. போனைக் கையிலயே வெச்சிருந்திருப்பா.

"அம்மிணி, நான்தான் பேசறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிருச்சான்னு அந்தப் பொண்ணு போனைத் திருப்பிப் பார்த்துச்சாம். எனக்கு அது தெரியாது. துணிக்கடியில நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதா?"ன்னு வெடிச்சா பாருங்க. "கழுத்தை அறுத்துப் போட்டிருக்காங்க, அந்த நெனப்பு கொஞ்சமாச்சும் இருக்குதுங்களா? உள்ள நீங்க போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டு உக்காந்திருந்த ஜனம் பூரா எந்திரிச்சு என்னைப் பாக்குது! ஆபரேசன்ல எவனாச்சும் கத்துவானா? அந்தப் புழுதிப் பாட்டை இங்கயும் கொண்டாந்தாச்சா? வாயை மூடிட்டுப் படுங்க. டாக்டர் சொல்றதைக் கேளுங்க. ஊட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்!" அப்படின்னு போனை வெச்சுட்டா.

ஒரு வருசம். அந்த வருசம் பூரா அவ என்னை ஒரு வார்த்தை திட்டல. நோயாளியாச்சேன்னு மெதுவாப் பேசி, மெதுவாத் தண்ணி குடுத்து, கொழந்தையாட்டம் வெச்சிருந்தா. அது அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கண்ணுல தண்ணி பொலபொலன்னு வந்து ரெண்டு பக்கமும் காதுக்குள்ள போகுது. தொடைக்கக் கையைத் தூக்க விடல.

டாக்டருக்கு ஒண்ணும் புரியல. கையில நூலை வெச்சுக்கிட்டு, "என்ன சார் இது, அம்மா எதுவுமே சொல்லலையே? இந்தக் குரலா இல்லையா?"ன்னு கேட்டாரு.

"தச்சுருங்க டாக்டர்"ன்னேன். "என்னைத் தவிர வேற எவனையும் அவ இப்படித் திட்டமாட்டா."